மின்நூல் அலமாரியில் கொல்லிமலை

மின்நூல் வாசிப்புக் கருவி வாங்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது கருவியைப் பற்றித்தான். திரை எத்தனை அங்குலம், விலை எவ்வளவு, ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகே, இதில் தமிழில் எதைப் படிப்பது என்ற கேள்வி எழுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் கட்சி. தமிழைப் பொறுத்தவரை கருவிதான் கடைசியாக வந்தது. அதில் ஏற்றத்தக்க நூல்களில் பல, அப்படியொரு கருவி வரும் என்ற நினைப்பே இல்லாதவர்களால் அதற்கு முன்பே தட்டச்சு செய்து வைக்கப்பட்டவை. அவற்றை யார் சேர்த்தார்கள், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள், எந்தச் சட்டம் இடம் கொடுத்தது என்று அறிந்தவருக்கு எந்தக் கருவியும் பயன்படும். அறியாதவருக்கு உயர்ந்த விலைக் கருவியும் வெறும் பலகைதான். இதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட ஓர் இடத்தை வைத்துப் பார்க்கலாம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை அதற்குத் தோதானது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய மலை அது. ஆனால் தமிழின் மிகப் பழைய பாட்டுகளிலேயே அதற்கு நிலையான இடம் உண்டு.

வல்வில் ஓரி ஆண்ட மலை. வன்பரணர் அவனைப் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை அவனை வள்ளல்கள் எழுவரில் ஒருவனாக வைக்கிறது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றின் 209-ஆம் பாட்டில் வருகிறது. இந்த மலையில் இருந்ததாகச் சொல்லப்படும் கொல்லிப்பாவை நற்றிணையிலும் குறுந்தொகையிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறாள். மலைமேல் உள்ள அறப்பள்ளி, தேவாரத்தின் வைப்புத் தலங்களில், அதாவது தனிப் பதிகம் இல்லாமல் பெயர் மட்டும் வரும் தலங்களில், ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் அந்தக் கோயில் இறைவனை விளித்து அறப்பளீசுர சதகம் பாடினார். இராமநாடகக் கீர்த்தனை தந்த சீர்காழி அருணாசலக் கவிராயரின் மகன் அவர். பெயர்தான் கோயில் சதகம். உள்ளே நல்ல மனைவிக்கு இலக்கணம், சகுனம், எந்த நாளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று உலகியல்தான் மிகுதி. அந்தக் காலத்து வீட்டு வழக்கங்களை அறிய விரும்புகிறவர் வரலாற்று நூல்களுக்கு முன்னால் இதைப் படிக்கலாம்.

இவற்றில் எதுவும் தானாக நம் கைக்கு வந்து சேரவில்லை. ஓலைக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், நுனி ஒடியும். ஒரு தலைமுறை பார்த்துப் பெயர்த்து எழுதினால்தான் அடுத்த தலைமுறைக்கு நூல் உண்டு. அப்படி எஞ்சிய சுவடிகளை ஒப்பிட்டு உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். நற்றிணைக்கு உரை எழுதிய பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் பதிப்பு 1915-இல் வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. சாமிநாதையரின் குறுந்தொகை உரை 1937-இல் வெளிவந்தபோது அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. ஓலையில் பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டியிருக்க மாட்டார்கள். எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்று ஒவ்வொரு சொல்லிலும் பதிப்பாசிரியரே முடிவெடுக்க வேண்டியிருந்தது. சந்தேகப்பட்ட இடங்களில் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் கொடுத்தார்கள். இந்த அடிக்குறிப்புகளைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

அச்சிலிருந்து கணினிக்குப் பெயர்த்து எழுதும் வேலை ஊர் ஊராகப் பிரிந்து கிடந்தவர்களால் நடந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலைத் தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார், யாருக்கும் சம்பளம் இல்லை. ஆங்கிலத்தில் மைக்கேல் ஹார்ட் 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் முன்மாதிரியாக இருந்தது உண்மை. ஆனால் அவருக்கு இல்லாத ஒரு தொல்லை இவர்களுக்கு இருந்தது: எழுத்துருத் தொல்லை. ஒருவர் கணினியில் தமிழாகத் தெரிந்தது இன்னொருவர் கணினியில் குப்பையாகத் தெரிந்தது. கல்யாணசுந்தரமே உருவாக்கிய மயிலை எழுத்துருவில் தொடங்கி, திஸ்கி என்ற குறியாக்கத்துக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு வந்து, ஒரே நூலை மூன்று முறை உருமாற்ற வேண்டி வந்தது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தாலும் வீட்டுக் கணினிகள் அதை ஒழுங்காகக் காட்டுவதற்குப் பத்தாண்டு ஆயிற்று. அறப்பளீசுர சதகமும் கொல்லியைப் பாடும் சங்கத் தொகைகளும் இந்த உழைப்பின் வழியாகத்தான் மின்வடிவம் பெற்றன. இதைப் பழைய ஏடு பெயர்த்தெழுதும் வழக்கத்தின் தொடர்ச்சி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. மடத்தையோ புரவலரையோ நம்பாமல் அது நடந்தது என்பது மட்டும் புதிது.

உழைப்பு பாதிக் கதை. மீதிப் பாதி சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் நூல் பொதுவாகிவிடும். 1942-இல் மறைந்த சாமிநாதையரின் உரைகள் 2003 முதல் எவரும் எடுத்தாளக்கூடியவை. அந்தக் காலம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாதபடி தமிழ்நாட்டில் ஒரு தனி வழக்கம் உண்டு: அரசு, ஆசிரியரின் மரபுரிமையருக்குத் தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்குவது. 1949-இல் பாரதியின் படைப்புரிமையை அரசு பெற்றதில் அதன் வேர் இருக்கிறது. கொல்லிமலை இருக்கும் அதே மாவட்டத்தவரான நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1972-இல் காலமானார். சட்டத்தின் கணக்குப்படி அவர் நூல்கள் 2033-இல்தான் பொதுவாக வேண்டும். நாட்டுடைமையானதால் 'மலைக்கள்ளன்' நாவலை இன்றே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். புறநானூற்றுக்கு விரிவாக உரை எழுதிய ஔவை துரைசாமிப் பிள்ளையின் நூல்களும் அப்படியே. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களில் 2000-க்கும் மேற்பட்டவற்றின் வருடிய படிகளை விக்கிமூலத்துக்குக் கொடுத்தது. தன்னார்வலர்கள் அவற்றை எழுத்துவடிவமாக்கித் திருத்தி வருகிறார்கள். பதிப்புரிமையைத் தமிழ்நாடு இப்படிக் கையாண்டிராவிட்டால் தமிழ் மின்நூல் அலமாரியில் 20-ஆம் நூற்றாண்டு ஏறக்குறையக் காலியாக இருந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் கருவி வருகிறது. அமேசானின் கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் திரையில் ஒளி பின்னாலிருந்து வருவதில்லை. நுண்குமிழிகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் இடம் மாறி எழுத்தாக நிற்கின்றன. பக்கம் திருப்பும்போது மட்டுமே மின்சாரம் செலவாவதால் ஒருமுறை ஏற்றிய மின்சாரம் வாரக்கணக்கில் தாங்கும். நூலை ஏற்றிய பிறகு இணைய இணைப்பும் வேண்டாம். மலையூர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்று தோன்றும். ஆனால் தொடக்கக் காலக் கிண்டிலில் 'கொல்லி' என்ற பெயரே ஒழுங்காகத் தெரியாது. ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வரவேண்டும் என்ற கணக்கு அதன் மென்பொருளுக்குப் பிடிபடவில்லை. 2013 வாக்கில் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டார்கள்: கருவியின் திரை அளவுக்கே 6 அங்குல பிடிஎஃப் செய்து, எழுத்துருவை உள்ளேயே பொதிந்து கொடுத்தார்கள். கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில்தான். அதுவரை தமிழ் வாசகரைக் காத்தது அந்த 6 அங்குலப் பக்கம்.

இன்று தொடங்குகிறவருக்கு வேலை எளிது. ஈபப் என்ற வடிவத்தைத் தேடவேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் அதில் தாமாக மடங்கி அமையும். விக்கிமூலம் நூல்களை ஈபப்பாகவே தருகிறது. 2022 முதல் கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பவும் அது ஏற்கப்படுகிறது. வடிவம் மாற்ற கோவித் கோயல் உருவாக்கிய காலிபர் என்ற கட்டற்ற மென்பொருள் போதும். வருடிய பிடிஎஃப்களை மட்டும் சின்னத் திரையில் படிக்க முயல வேண்டாம். பழைய பதிப்பின் ஒரு பக்கம் அதில் எறும்பு வரிசையாகிவிடும்.

கைபேசி இருக்கத் தனிக்கருவி எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, என் வாதத்துக்கு இது எதிரியும் அல்ல. நூல் சேர்ந்துவிட்டால் அதைக் கைபேசியில் படித்தாலும் வாசிப்புதான். நான்கு மணி நேரம் ஒரே நாவலைப் படிக்கிறவருக்குக் கண் உறுத்தாத திரை வசதி, அவ்வளவே. இதைவிடக் கனமான ஆட்சேபம் பாடத்தைப் பற்றியது. இலவச மின்நூல்களில் பிழை மலிந்திருக்கிறது, உரை இல்லாமல் மூலம் மட்டும் கிடக்கிறது என்கிறார்கள் புலமையாளர்கள். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாமிநாதையர் அடிக்குறிப்பில் வைத்த பாடவேறுபாடுகள் தட்டச்சில் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன; ஓர் ஓலை ஒருவிதமாகவும் இன்னோர் ஓலை வேறுவிதமாகவும் சொன்ன இடத்தில், மின்நூல் ஒரே பாடத்தை ஐயத்துக்கு இடமில்லாததுபோல் காட்டுகிறது. ஆனால் இதற்கு மருந்தும் அதே அலமாரியில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இண்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய பதிப்புகளின் வருடிய பக்கங்கள் கிடைக்கின்றன. படிக்க எழுத்துவடிவம், சரிபார்க்கப் பழம்பதிப்பின் படம் என்று இரண்டையும் வைத்துக்கொள்பவருக்கு, தாலுகா நூலகத்தை மட்டும் நம்பியிருந்த முந்தைய தலைமுறைப் புலவருக்குக் கிடைக்காத வசதி கிடைத்திருக்கிறது.

இலவசம் பழகிவிட்டால் வாழும் எழுத்தாளர் பிழைப்பது எப்படி என்பது மூன்றாவது கேள்வி. பொதுவுடைமையான நூலையும் திருட்டு பிடிஎஃப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது இது. டெலிகிராமில் சுற்றும் புது நாவல்களின் படிகளுக்கு மதுரைத் திட்டம் பொறுப்பாகாது. அது சட்டத்தின் எல்லையைப் பார்த்துப் பார்த்து நடந்தது. நாமக்கல்லில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகனைப் படிக்க விரும்புகிறவர் காசு கொடுத்து வாங்கவேண்டும், அவருடைய கொங்கு வட்டாரச் சொல்லகராதி உட்பட.

எனக்கு விடை சொல்லக் கடினமாக இருப்பது நான்காவது ஆட்சேபம்: இந்த அலமாரியில் கொல்லிமலை இருக்கிறதே தவிர, கொல்லிமலைக்காரர்கள் இல்லை. ஓரியைப் பாடிய புலவர்களும் சதகம் பாடிய கவிராயரும் வெளியிலிருந்து மலையைப் பார்த்தவர்கள். இன்று மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவரின் வழியினர் தாங்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கதை அச்சில் கிடைப்பது எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில். சேலம் மாவட்டத்தைப் பற்றி எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் 1918-இல் தொகுத்த கெசட்டியரையும் பார்க்கலாம். இரண்டும் ஆங்கிலம், இரண்டும் அதிகாரிகள் எழுதியவை, இரண்டும் காசில்லாமல் கருவியில் ஏற்றக் கிடைக்கின்றன. தினையும் சாமையும் பயிரிடும் அறிவு, கல்யாணப் பாட்டு, சாவுப் பாட்டு ஆகியவற்றுக்குத் தமிழில் அப்படி எளிதாக இறக்கிக்கொள்ள ஒரு நூல் இல்லை. இதைச் சட்டத்தின் தலையில் போடமுடியாது. வாய்மொழிப் பாட்டுக்கு உரிமையாளர் என்று தனியாக ஒருவர் இல்லை. பதிவு செய்து தொகுத்தவருக்கே அந்தப் பதிவின் மேல் உரிமை, ஆகவே அதைத் திறந்துவிடுவதும் பூட்டிவைப்பதும் அவர் கையில். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யார் எழுதிக் கொடுத்தாலும் மின்நூலாக்கித் தரும் குழு தமிழில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுக்காகத் தொகுக்கப்படும் மலைப் பாட்டுகள் ஆய்வேட்டோடு நின்றுவிடாமல் அந்தக் குழுவின் கைக்குப் போனால், மலைமேல் செம்மேட்டில் படிக்கும் பிள்ளை தன் பாட்டியின் பாட்டை ஓரியின் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.