"உங்கள் தொப்பி எங்கே?": அமெரிக்கப் படைகளில் சீருடைத் திருத்தமும் அவமரியாதையும்

அமெரிக்க இராணுவ முகாம் ஒன்றின் கடைத்தொகுதிக்கு வெளியே, வாகனத் தரிப்பிடத்தில் ஒரு சிப்பாய் தொப்பி அணியாமல் நடந்து போகிறார். வெளியிடத்தில் சீருடையுடன் நிற்கும்போது தொப்பி அணிந்திருக்க வேண்டும் என்பது இராணுவத்தின் சீருடை விதி. எதிரே வரும் சார்ஜன்ட் வேறு படைப்பிரிவைச் சேர்ந்தவர், சிப்பாயை முன்பின் அறியாதவர். அவர் நிறுத்திச் சொல்கிறார். சிப்பாய் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் என் சார்ஜன்ட் இல்லையே" என்று சொல்லிக்கொண்டு நடையைத் தொடர்கிறார்.

அங்குள்ள எந்த முகாமிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அடுத்த இரண்டு நிமிடங்களில் அந்தச் சார்ஜன்ட் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து, விடயம் அங்கேயே முடியலாம். சிப்பாயின் சம்பளத்தில் கை வைக்கும் அளவுக்கும் போகலாம். சார்ஜன்டே விசாரணைக்கு முகங்கொடுக்க நேரிடுவதும் உண்டு. சீருடை என்றாலே சோதனைச்சாவடியை நினைத்துக்கொள்ளும் எங்கள் பகுதிகளில், சீருடைக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள், அதற்கு எல்லை எங்கே என்பது அதிகம் பேசப்படாத விடயம். அமெரிக்கப் படைகளில் இதற்கு எழுதப்பட்ட விதியும் உண்டு, எழுதாத வழக்கமும் உண்டு.

ஒழுங்கீனத்தைக் கண்ட இடத்திலேயே சுட்டிக்காட்டித் திருத்துவதை அங்கு 'நின்ற இடத் திருத்தம்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். கண்டும் காணாமல் போனால் அந்த ஒழுங்கீனமே புதிய ஒழுங்காகிவிடும் என்பது அதன் பின்னாலுள்ள நியாயம். இந்த நியாயத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ஜெனரல் ஜோர்ஜ் பற்றன். 1943 மார்ச்சில் துனீசியாவில், தோல்வியில் துவண்டிருந்த இரண்டாவது படையணியைப் பொறுப்பேற்றதும், போர்முனையிலும் தலைக்கவசம், கழுத்துப்பட்டி, கால்பட்டி எல்லாம் அணிய வேண்டும் என்று கட்டளையிட்டுத் தண்டப்பணமும் அறவிட்டார். இரண்டு ஆண்டுகளின் பின், சேறும் தாடியுமாகச் சிப்பாய்களை வரைந்த கேலிச்சித்திரக்காரர் பில் மோல்டினை அழைத்துக் கண்டித்தவரும் அவரே. மோல்டின் வரைவதை நிறுத்தவில்லை. தளபதி ஐசனோவரும் அவரை நிறுத்த விடவில்லை.

யார் யாரைத் திருத்தலாம்? கோப்ரல் முதல் சார்ஜன்ட் மேஜர் வரையான தரத்தினர் ஆணைபெறாத உத்தியோகத்தர்கள். சிப்பாய்களின் அன்றாட ஒழுங்கு இவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்களது அதிகாரம் சொந்தப் பிரிவின் வேலியோடு முடிவதில்லை. ஆகவே "நீங்கள் என் சார்ஜன்ட் இல்லை" என்ற பதில் சட்டத்தில் எடுபடாது. மேலதிகாரியின் சீருடையில் குறை கண்டாலும் சார்ஜன்ட் சொல்லலாம். "சேர், மன்னிக்க வேண்டும்" என்று தொடங்கி, மற்றவர் காதில் விழாமல் சொல்வது மரபு. காதில் விழாமல் சொன்ன சார்ஜன்டுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவதுதான் லெப்டினன்டுக்கு அழகு.

சிக்கல் ஒரே தரத்தினருக்கிடையில்தான் கூடுதல். 'ஸ்பெஷலிஸ்ட்' என்பவரும் கோப்ரலும் ஒரே சம்பளப் படி. ஆனால் கோப்ரல் ஆணைபெறாத உத்தியோகத்தர், ஸ்பெஷலிஸ்ட் அப்படியல்ல. எனவே ஒரு ஸ்பெஷலிஸ்ட் கோப்ரலை ஏசினால் அதற்குத் தனியான குற்றப் பிரிவு உண்டு. இன்னொரு ஸ்பெஷலிஸ்டை ஏசினால் அந்தப் பிரிவு பொருந்தாது. சக தோழர் என்ற உரிமையில் சொல்பவருக்குச் சட்டம் தரும் கவசம் மிக மெல்லியது. அவருக்கு நட்பும் வாய்ப்பக்குவமும்தான் துணை.

அமெரிக்கப் படைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இராணுவ நீதிச் சட்டக்கோவை 1950 இல் நிறைவேறி 1951 மே 31 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 89 ஆவது பிரிவு ஆணைபெற்ற மேலதிகாரிக்குக் காட்டும் அவமரியாதையைக் குற்றமாக்குகிறது. 91 ஆவது பிரிவு, கடமையில் இருக்கும் ஆணைபெறாத உத்தியோகத்தரை அவமதிப்பதையும் அவரது சட்டபூர்வமான கட்டளையை வேண்டுமென்றே மீறுவதையும் குற்றமாக்குகிறது. இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. மேலதிகாரியை அவர் இல்லாத இடத்தில் அவமதித்தாலும் 89 பாயலாம், தனிப்பட்ட உரையாடல்களுக்கு வழமையாக விலக்கு உண்டு என்றாலும். சார்ஜன்டைப் பொறுத்தவரை அவர் கண்ணெதிரிலோ காதுபடவோ நடந்திருக்க வேண்டும். அவர் சார்ஜன்ட் என்பதும் சிப்பாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்து, அது அவர் காதில் விழாதிருந்தால் இந்தப் பிரிவின்படி குற்றமில்லை.

அவமரியாதை என்பது வார்த்தை மட்டுமல்ல. வழமையான சல்யூட்டைத் தவிர்ப்பது, அலட்சியமாகப் பார்ப்பது, அளவுக்கு மீறி உரிமை கொண்டாடுவது எல்லாம் அதில் அடங்கும் என்கிறது இராணுவ நீதிமன்றக் கைநூல். சொன்னது உண்மை என்பது எதிர்வாதமாகாது என்றும் அதே கைநூல் சொல்கிறது. "உங்கள் சப்பாத்தே துடைக்கப்படவில்லை" என்று சிப்பாய் திருப்பிச் சொன்னால், சப்பாத்து உண்மையிலேயே அழுக்காக இருந்தாலும், சொன்ன தொனிக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். 117 ஆவது பிரிவு சண்டைக்கு இழுக்கும் வார்த்தைகளைத் தடுக்கிறது. ஒரே தரத்தினருக்கும் இது பொருந்தும். ஆனால் பயிற்சிக்காகவும் ஒழுங்குக்காகவும் முறையாகச் சொல்லப்படும் கண்டிப்பு இதற்குள் வராது.

இதுவரை பார்த்தால் சட்டம் முழுவதும் திருத்துபவர் பக்கமே நிற்பதாகத் தோன்றும். அதே கைநூலில் இன்னொரு விதியும் இருக்கிறது, என் பார்வையில் முழு விடயத்துக்கும் அதுதான் அச்சாணி. மேலுள்ளவரின் நடத்தை அவரது தரத்துக்குரிய ஒழுங்கிலிருந்து பெரிதும் விலகினால், அவர் இந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறார். தாயை இழுத்துத் திட்டிய, இனப்பெயர் சொல்லி ஏசிய, நெஞ்சைப் பிடித்துத் தள்ளிய சார்ஜன்ட், அந்த நேரத்தில் தன் பட்டியைத் தானே கழற்றி வைத்தவராகக் கருதப்படலாம். அதன்பின் சிப்பாய் திருப்பி ஏசியதற்கு அவமரியாதைக் குற்றம் சுமத்துவது கடினம். அந்தப் பட்டியை மறுபடி அணிய வேண்டுமென்றால் அவர் முதலில் தரத்துக்குரியவராக நடந்துகொள்ள வேண்டும்.

இந்த விதியை மனதில் வைத்துப் பார்த்தால், அனுபவமுள்ள சார்ஜன்ட்கள் செய்வதெல்லாம் எளிதாக விளங்கும். முதலில் ஆளை ஒரு ஓரத்துக்கு அழைக்கிறார்கள். நண்பர்கள் முன்னால் அவமானப்பட்டவர் அவர்கள் முன்னாலேயே எதிர்த்துப் பேசுவார். பிறகு தன் பெயர், தரம் சொல்லி, குறையை மட்டும் சொல்கிறார்கள்: "தொப்பியை அணியுங்கள்." இராணுவத்தின் சார்ஜன்ட்களுக்கான வழிகாட்டி நூல்களும் இதையே சொல்லி வந்திருக்கின்றன. செயலைத் தாக்கு, ஆளைத் தாக்காதே. ஒரு நேரத்தில் ஒரு குறை. முடிந்ததென்றால் முடிந்தது, பிறகு கிளறாதே. அனுமதியின்றிக் கழுத்துப்பட்டியையோ சட்டைக் காலரையோ தொட்டுச் சரிசெய்யப் போவதும் ஆபத்து. விருப்பமில்லாத தொடுகை தாக்குதல் குற்றமாகலாம்.

அப்படியும் சிப்பாய் எதிர்த்தால்? குரலை உயர்த்துவதால் பயன் இல்லை. இது இப்போது ஆலோசனை அல்ல, கட்டளை என்று தெளிவாக ஒருமுறை சொல்ல வேண்டும். முதல் வார்த்தை நட்பான நினைவூட்டலாக இருந்திருந்தால், கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்று பிறகு நிரூபிப்பது கடினம். அதற்கும் இணங்காவிட்டால் துரத்திப் பிடிப்பதும் வழிமறிப்பதும் வேண்டாம். சிப்பாயின் பெயர் நெஞ்சிலும் படைப்பிரிவின் சின்னம் தோளிலும் இருக்கிறது. சீருடையின் நல்ல பயன்களில் இதுவும் ஒன்று. சொன்னதையும் கேட்டதையும் நேரத்துடன் குறித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர் யார் என்பதையும் எழுதி, அந்தச் சிப்பாயின் கம்பனி முதன்மைச் சார்ஜன்டுக்குத் தெரிவித்தால் போதும். பெரும்பாலான விடயங்கள் அந்தத் தொலைபேசி அழைப்போடு தீர்ந்துவிடும்.

தீராதவை படிப்படியாக மேலே போகும். வாய்மொழிக் கண்டிப்பு, அதன்பின் 4856 ஆம் இலக்கப் படிவத்தில் எழுத்துமூல ஆலோசனை, அதன்பின் கட்டளை அதிகாரி 15 ஆவது பிரிவின் கீழ் விதிக்கும் ஒழுக்காற்றுத் தண்டனை. கம்பனித் தளபதி ஏழு நாள் சம்பளத்தைப் பிடிக்கலாம், 14 நாள் மேலதிக வேலை கொடுக்கலாம். மேஜர் தரமும் அதற்கு மேலும் என்றால் 45 நாள் மேலதிக வேலையும் இரண்டு மாதங்களுக்குப் பாதிச் சம்பளமும். சிப்பாய் இதை மறுத்து, இராணுவ நீதிமன்றத்தில் வழக்குப் பேசுவோம் என்று கேட்கலாம். கப்பலில் கடமையில் இருப்பவருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பிரிவின் கீழ் தண்டிக்கும் அதிகாரம் கட்டளை அதிகாரியிடமே உண்டு. தரிப்பிடத்தில் நின்ற சார்ஜன்டிடம் இல்லை.

இன்னொரு பொறி, திருத்துபவரே பிழையாக இருப்பது. ஒவ்வொரு படைக்கும் தனி விதிநூல். இராணுவத்துக்கு ஒழுங்குவிதி 670-1, விமானப்படைக்கு 36-2903 ஆம் இலக்க அறிவுறுத்தல். சட்டைப்பையில் கை வைப்பதை நீண்டகாலம் இரண்டுமே தடுத்தன. விமானப்படை 2021 இல் அதைத் தளர்த்துவதாக அறிவித்தது. அதே வாரத்தில் பையில் கையுடன் நின்ற விமானப்படை இளைஞரைப் பிடித்துத் திட்டிய இராணுவச் சார்ஜன்ட் எவராவது இருந்திருந்தால், அசடு வழிந்தவர் அவர்தான். விமானத் தளங்களில் தொப்பி அணியவே கூடாத பகுதிகளும் உண்டு. தொப்பி காற்றில் பறந்து இயந்திரத்துக்குள் போய்விடும் என்ற பயம்.

முடியும் தாடியும் இதைவிடக் கூர்மையான விடயங்கள். 2014 மார்ச்சில் வந்த இராணுவத்தின் புதிய விதிகள் கறுப்பினப் பெண்கள் வழமையாகப் பின்னும் பல பின்னல்களைத் தடைசெய்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. சில மாதங்களில் அவை திருத்தப்பட்டன. சீக்கியச் சிப்பாய்கள் தலைப்பாகையும் தாடியும் வைத்திருக்க 2017 முதல் பிரிகேட் மட்டத்திலேயே அனுமதி பெற முடிந்தது. சவரம் செய்தால் முகத்தில் புண்படும் தோல் நோய் கறுப்பின ஆண்களிடம் அதிகம் என்பதால், மருத்துவ விலக்குச் சீட்டுடன் தாடி வைத்திருப்போரில் அவர்கள் பலர். அப்படிப்பட்டவரை நடுவீதியில் நிறுத்தி "சவரக்கத்தி இல்லையா?" என்று கேட்பதும், "உங்களிடம் விலக்குச் சீட்டு இருக்கிறதா?" என்று கேட்பதும் ஒன்றல்ல. 2025 செப்டெம்பர் 30 அன்று வேர்ஜீனியாவின் குவாண்டிகோவில் நூற்றுக்கணக்கான ஜெனரல்களையும் அட்மிரல்களையும் கூட்டிவைத்து, பாதுகாப்புச் செயலாளர் பீட் ஹெக்செத் தாடிக்கு எதிராகப் பேசினார். மேலே இப்படிப் பேசப்படும்போது, கீழே தரிப்பிடங்களில் நிறுத்தப்படுவோர் தொகை கூடும் என்று எதிர்பார்க்கலாம். அவர்களில் யார் அதிகம் என்பதும் ஊகிக்கக் கடினமானதல்ல.

திருத்தத்தின் பெயரால் என்ன நடக்கலாம் என்பதற்கு டானி சென்னின் கதை இருக்கிறது. நியூயோர்க் சைனா டவுனைச் சேர்ந்த 19 வயதுச் சிப்பாய், பெற்றோருக்கு ஒரே பிள்ளை. ஆப்கானிஸ்தானின் கந்தஹாரில் இருந்த அவரது பிரிவில் சீன இனத்தவர் அவர் ஒருவர்தான். இனப்பெயர் சொல்லி ஏசுவது அன்றாடம். 2011 ஒக்டோபர் 3 அன்று தலைக்கவசமும் போதிய தண்ணீரும் இல்லாமல் காவல் கடமைக்கு வந்தார். அது உண்மையிலேயே திருத்த வேண்டிய குறைதான், போர்முனையில் உயிரோடு விளையாடும் குறை. அதற்காக அவரைச் சரளைக் கல்லில் ஏறத்தாழ 100 மீற்றர் தவழவிட்டு, சக சிப்பாய்கள் கல் எறிந்தார்கள். அன்றே அவர் காவற்கோபுரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்டுப் பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. முக்கிய குற்றவாளியாகக் கருதப்பட்ட சார்ஜன்ட், மரணத்துக்குக் காரணமானார் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். துன்புறுத்தல், தாக்குதல் ஆகியவற்றுக்கு அவருக்குக் கிடைத்தது 30 நாள் சிறை.

இராணுவத்தின் கட்டளைக் கொள்கை விதி 600-20 இதைத் தடுக்கவென்றே எழுதப்பட்ட வரிகளைக் கொண்டிருக்கிறது. திருத்தப் பயிற்சி குறையோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். தொப்பி அணியாதவருக்குச் சீருடை விதி பற்றி வகுப்பெடுக்கச் சொல்லலாம், மறுநாள் காலை முழுச் சீருடையோடு வந்து பரிசோதனைக்கு நிற்கச் சொல்லலாம். நள்ளிரவு வரை மலசலகூடம் கழுவவிடுவது தண்டனை. அதற்குக் கட்டளை அதிகாரியின் முறையான நடைமுறை வேண்டும், அந்த நடைமுறையைத் தட்டிக்கழிக்கப் பயிற்சியைக் கருவியாக்கக் கூடாது. தன் கட்டளைக்குக் கீழ்ப்பட்டவரைக் கொடுமைப்படுத்துவோருக்கு 93 ஆவது பிரிவு இருக்கிறது. விதி இருந்தும் சென்னுக்கு உதவவில்லை, ஏனெனில் அதை அமுல்படுத்த வேண்டியவர்களே கல்லோடு நின்றார்கள்.

நிறுத்தப்படும் சிப்பாய்க்குப் பழைய சிப்பாய்கள் சொல்வது: முதலில் தொப்பியை அணி, பிறகு வாதாடு. சொன்னவர் விதியைப் பிழையாகச் சொன்னாலும், உயிருக்கோ சட்டத்துக்கோ எதிரான கட்டளை அல்லாதவரை அந்த இடத்தில் இணங்கிவிடுவதே பாதுகாப்பு. அதன்பின் தன் பிரிவின் முதன்மைச் சார்ஜன்டிடம் போகலாம். தளபதியின் கதவு திறந்திருக்கும் நேரத்தில் அவரிடமும் போகலாம். அங்கேயே தவறு நடக்கிறதென்றால், கட்டளைத் தொடருக்கு வெளியே இருக்கும் பரிசோதனை ஜெனரலின் அலுவலகத்தில் முறையிடலாம். கட்டளை அதிகாரியே அநீதி செய்தால் 138 ஆவது பிரிவின் கீழ் எழுத்தில் முறையிடும் உரிமை, ஜெனரல் முதல் கடைசிச் சிப்பாய் வரை எல்லோருக்கும் உண்டு.