துறைமுகத்தின் அடுப்பு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோட்டையையும் கோணேசர் கோயிலையும் விரித்துரைத்தனர். அடுப்பைப் பற்றி எழுதியவர் அரியர். ஆயினும் அத்துறையை அடைந்த போர்க்கப்பல் ஒவ்வொன்றிலும் பலருக்கு உணவாக்கும் குசினி ஒன்று இருந்தது. அது எதனை எரித்தது என்பதிலே துறைமுகத்தின் கதையும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

1782 செப்டெம்பர் 3ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் இத்துறைக்கு வெளியே பொருதனர். அக்காலத்து மரக்கலங்களிலே போருக்கு ஆயத்தமாகும்போது சமையல் நெருப்பை அவித்துவிடுவது வழக்கம். வெடிமருந்து நிறைந்த மரக்கூட்டினுள் கனல் இருத்தலாகாதன்றோ? புயலிலும் அவ்வாறே. கடும்பணி நேர்ந்த நாளிலேதான் மாலுமி ஆறிய உணவை உண்டான்.

விறகின் பின் நிலக்கரி வந்தது; நிலக்கரியின் பின் எண்ணெய் வந்தது. 1920களிலும் 1930களிலும் பிரித்தானியர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளை வரிசை வரிசையாக எழுப்பினர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி அழிந்தது. இன்று 99 தாங்கிகள் நிற்கின்றன.

நெருப்பே இல்லாத குசினியும் அப்போர்க் காலத்திலேயே இத்துறைக்கு வந்துவிட்டது. இங்கு தளம் அமைத்திருந்த பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல்களில் மின்னடுப்பே இருந்தது. மூழ்கிய கலத்தினுள்ளே சுவாசிக்கும் காற்று அளவானது. அதனை நெருப்புக்கு ஈயமுடியாது. மின்கல அடுக்கிலுள்ள மின்சாரமும் அளவானதே. ஆகவே காற்றையும் மின்சாரத்தையும் ஒருங்கே எண்ணிச் சமைக்கவேண்டியதாயிற்று. இன்றைய மின்குசினி வல்லுநர் கூறுவதும் இதற்கு வெகுதூரத்திலில்லை.

1957 ஒக்டோபரில் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஊரின் சாப்பாட்டுக்கடைகளோ நெடுங்காலம் விறகையே நம்பியிருந்தன. பின்னர் எரிவாயு உருளைக்கு மாறின. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். ஆசியாவின் பெரும் எண்ணெய்க் களஞ்சியங்களுள் ஒன்றின் அருகிலே அடுப்பு அணைந்தது! மின்சாரமும் கைகொடுக்கவில்லை. அதுவும் பெருமளவு இறக்குமதி எண்ணெயிலும் நிலக்கரியிலும் பிறந்ததே. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது.

ஆதலால் வாயு அடுப்பைக் கழற்றி மின்னடுப்பை வைத்தவுடன் குசினி சீர்திருந்திவிடும் என எண்ணுதல் தவறு. வாயுச்சுவாலையின் வெப்பத்திற் பாதிக்கு மேல் பாத்திரத்தின் ஓரமாக வெளியேறிச் சமையற்காரரின் உடலையே வேகவைக்கிறது. தூண்டல் அடுப்பிலே வெப்பம் பாத்திரத்தின் அடியிலேயே பிறப்பதால் அதில் ஐந்தில் நான்கு பங்களவு உணவைச் சேரும். இரும்பு கலவாத அலுமினியப் பானைகள் சாதாரணத் தூண்டல் அடுப்பில் சூடேறா. குழிந்த தாச்சிக்குக் குழிந்த அடுப்பே வேண்டும். கடைக்காரர் முதலிலே பாத்திரங்களை எண்ணிப் பார்த்தல் நன்று.

பலர் மறப்பது புகைபோக்கி. சுவாலை இல்லாவிடின் வெளியேற்றவேண்டிய காற்றுக் குறையும், விசிறியும் சிறிதாகலாம். அடுப்பு வேலை செய்யாத வேளையில் அவ்விசிறி தானே தணியுமாறு அமைத்தால் செலவு மேலும் இறங்கும். கடற்கரையின் ஈரவெக்கையில் இது சிறு நன்மையன்று. அடுத்தது, எல்லா அடுப்புகளையும் ஒரே நொடியில் மூட்டாமை. பெரும் பாவனையாளர் உச்சத் தேவைக்கும் தனிக் கட்டணம் செலுத்துகின்றனர். சோறு முதலில், கறி பின்னர் என வரிசைப்படுத்தினாலே அந்த உச்சம் தாழும். சோற்றைச் சூடு காக்கும் பாத்திரத்திற்கு மாற்றிவிட்டால் அடுப்பும் ஓய்வு பெறும்.

துறையின் தென்கரையில் உள்ள சம்பூரில் 500 மெகாவாற்று அனல்மின்நிலையம் ஒன்றை அமைக்க 2006இல் உடன்பாடு காணப்பட்டது. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்திற்குத் தொடக்கவிழா நடந்தது. சூரியன் இரவில் உதவான். கொத்துரொட்டிக் கடைக்கு அதனாற் பயன் குறைவு. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கடையின் உலை காலை எட்டு மணிக்கு ஏறி நண்பகலில் இறங்குகிறது.