தொய்வின் கணக்கு: மலையகத்தில் பீலியும் கம்பியும் வடமும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலை, புசல்லாவையைக் கடந்து இறம்பொடையை அடைந்ததும், 109 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழும் மலைமுகத்தை ஒட்டி வளைந்து வளைந்து லபுக்கலையை நோக்கி ஏறுகிறது. பறவைக்குச் சில நூறு மீட்டரே ஆகும் தூரம் சக்கரத்துக்குப் பல கிலோமீட்டராக நீளும் இந்த நிலத்தில், விளைச்சலை மலையிலிருந்து ஆலைக்கு இறக்குவது தொடக்கம் முதலே பெரும் சிக்கலாக இருந்தது. நீண்ட வழியைத் தாங்குவது எது, அந்த வழி எவ்வளவு தொய்யலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் கண்டறிந்த விடைகளே மத்திய மலைநாட்டுப் போக்குவரத்துத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் பெரும்பகுதியாகும்.

முதல் விடை கோப்பிக் காலத்தில் கிடைத்தது. 1840களில் புசல்லாவையையும் அதைச் சூழ்ந்த சரிவுகளையும் கோப்பித் தோட்டங்கள் நிறைத்தபோது, பறித்த பழத்தை அன்றன்றே தோலுரிக்கும் சாலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. தாமதித்தால் பழம் தானாகவே புளிக்கத் தொடங்கிவிடும். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் சாக்குகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து இறங்கிய வழிகளுக்குப் பக்கத்திலேயே, பல தோட்டங்களில் தகரப் பீலிகள் அமைக்கப்பட்டன. இன்றும் மலையகத் தமிழில் குளிக்கவும் குடிக்கவும் நீர் வடியும் வாயைக் குறிக்கும் ‘பீலி’ என்ற சொல், இங்கே மலைச்சரிவு நெடுகிலும் மரக்கால்கள் மேல் கிடத்திய நீண்ட வாய்க்காலைக் குறிக்கும். மேலே ஓடையிலிருந்து திருப்பிய நீரோடு பழத்தைக் கொட்டினால் அது மிதந்தபடியே கீழிருக்கும் தொட்டியை அடைந்துவிடும். ஆனால் இரண்டு கால்களுக்கு நடுவே தகரம் சற்றே தொய்ந்தாலும் அந்தப் பள்ளத்தில் பழம் தங்கி, பின்வருவதையெல்லாம் மறித்துப் பீலியை வழியச் செய்துவிடும். ஆகவே தொய்வு பீலிக்குப் பகை. கால்களை நெருக்கமாக நட்டு மட்டம் பிசகாமல் காப்பதே அதன் பராமரிப்பில் பெரும்பகுதியாக இருந்தது.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஒரு கிலோ தூளுக்கு நான்கரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்தோ நசுங்கினால் சூடேறிச் சிவந்துவிடும், நனைத்து மிதக்கவிடவும் இயலாது. எனவே அளவில் மிகுந்த, ஆனால் மென்மையான இந்தச் சரக்கை இறக்கப் பீலி பயன்படவில்லை. மலையகம் கம்பியை நாடியது.

முறுக்கிய இரும்புக் கம்பிவடத்தை 1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் உருவாக்கியிருந்தார். தாங்குகோபுரங்களின் மேல் ஓயாமல் ஓடும் வடத்தில் சரக்கைத் தொங்கவிடும் வான்வழி முறைக்கு 1868இல் சார்ல்ஸ் ஹொட்சன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். தேயிலைத் தோட்டங்களில் பரவியது இதனினும் எளிய வடிவம்: மலையுச்சியில் ஒரு முனையும் ஆலையருகே மறுமுனையுமாக இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி அசையாமல் நிற்க, சிறு உருளையும் கொக்கியும் பூட்டிய கொழுந்துச் சாக்கு அதன்மேல் தன் எடையாலேயே இறங்கியது. எஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை. மலையின் உயரமே விசையாயிற்று.

இந்த எளிமைக்குள் நுட்பமான கணக்கு ஒன்று இருந்தது. கிடைத்தூரம் 400 மீட்டரும் இறக்கம் 100 மீட்டரும் கொண்ட ஒரு கம்பியை எடுத்துக்கொண்டால், உராய்வே இல்லாத நிலையில் சாக்கு மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஆலைச் சுவரை மோத வேண்டும். அவ்வாறு மோதாமல் காப்பதில் உருளையின் உராய்வுக்கும் காற்றின் தடைக்கும் துணைநிற்பது தொய்வு. கம்பி நடுவில் நேர்கோட்டிலிருந்து 20 மீட்டர் தொய்ந்திருந்தால், மேல் முனையில் 100 மீட்டருக்கு 45 மீட்டர் என்ற கடுஞ்சரிவு கீழ் முனையில் 5 மீட்டராகத் தணிந்து, சாக்கு தளர்ந்து வந்து சேரும். அதே கம்பியை 10 மீட்டர் தொய்வுக்கு இறுக்கினால் கீழ்ச்சரிவு 15 மீட்டராகி வேகம் கூடுவதோடு, கம்பியின் இழுவிசையும் இரட்டிக்கும்: முன்பு ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளக் கம்பியின் எடைக்குச் சமமாக இருந்த விசை, அதாவது 8 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியானால் சுமார் 400 கிலோ, 800 கிலோவாகிக் கட்டுத்தூண்களைப் பிடுங்கப் பார்க்கும். மிகையாகத் தளர்த்தினாலோ சாக்கு நடுவழியில் நின்றுவிடும். பீலிக்குப் பகையாக இருந்த தொய்வு, அளவோடு விடப்பட்டபோது கம்பிக்குத் தடுப்புக் கட்டையும் காவலும் ஆயிற்று.

கொழுந்து போய்ச் சேர்ந்த, தொழிலாளர் பேச்சில் ‘ஸ்டோர்’ எனப்பட்ட, ஆலைக்குள்ளும் இதே பாடம் வேறு உருவில் நடந்தது. ஓடை நீரால் சுழலும் ஒரே சக்கரமோ டர்பைனோ, கூரையடியில் நெடுகக் கிடக்கும் ஒரு தண்டைச் சுழற்ற, அத்தண்டிலிருந்து இறங்கிய தோல் பட்டிகள் கொழுந்தை உருட்டும் எந்திரங்களையும் உலர்த்திகளையும் சலிப்பான்களையும் ஓட்டின. கிடையாக ஓடும் பட்டியில் இறுக்கமான பக்கத்தைக் கீழும் தளர்ந்த பக்கத்தை மேலும் வைப்பது மரபு. மேல்பக்கம் தொய்யும்போது பட்டி சக்கரத்தைக் கூடுதலாக அணைத்துப் பிடிக்குமாதலால் வழுக்கல் குறையும்.

ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மின்மோட்டார் வந்தபின் தண்டும் பட்டியும் மறைந்தன. ஆயினும் நகரும் எந்திரத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்வது எப்படி என்ற புதிய வடிவில் பழைய கேள்வி திரும்பியது. தண்டவாளத்தில் நெடுந்தூரம் ஓடும் பாரந்தூக்கிக்கு மின்வடத்தைத் தரையில் இழுத்துச் செல்லவிட்டால் அது தேயும், சிக்கும், நசுங்கும். அதற்குக் கண்ட முதல் தீர்வு மலையகக் கம்பிக்கு உறவானது: மேலே ஒரு தாங்குகம்பியையோ தண்டவாளத்தையோ கட்டி, அதில் உருளும் சிறு வண்டிகளிலிருந்து வடத்தை மாலைபோல் வளைவு வளைவாகத் தொங்கவிடுவர், எந்திரம் விலகும்போது வளைவுகள் விரியும், நெருங்கும்போது மடிந்து ஒதுங்கும். இரண்டாவது தீர்வாக, துறைமுகக் கிரேன்கள் பலவற்றில் வடம் பெரிய உருளையில் சுற்றப்பட்டு, ஓட்டத்துக்கேற்ப அவிழ்ந்தும் சுருண்டும் கொடுக்கிறது.

மூன்றாவது தீர்வு வடச்சங்கிலி. மின்வடங்களையும், எண்ணெயோ காற்றோ கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்களையும் உள்ளே கிடத்தி, ஒரே பக்கமாக மட்டும், அதுவும் குறித்த ஆரத்துக்குக் குறையாமல் மடியும்படி கண்ணிகள் கோத்த இந்தச் சங்கிலியை 1953இல் ஜெர்மனியில் கில்பர்ட் வானிங்கர் எஃகில் வடிவமைத்தார். பிளாஸ்டிக் கண்ணிகள் பின்னர் வந்தன. அதன் நிலைமுனையை ஓடுபாதையின் நடுவில் பொருத்தினால், 60 மீட்டர் ஓட்டத்துக்கு 30 மீட்டரும் ஒரு வளைவும் கொண்ட சங்கிலியே போதும். சில மீட்டர் வரை மேலடுக்கு தன்னைத்தானே தாங்கி நிற்கும். அதற்கு மேல் தொய்ந்துவிடுமாதலால், நெடிய ஓட்டங்களில் பக்கச்சுவர் உள்ள தொட்டிப்பாதை அமைத்து, மேலடுக்கு கீழடுக்கின் மேலேயே வழுக்கிச் செல்ல விடுகின்றனர். உள்ளே வடத்தை இறுகக் கட்டுவது பிழை: மின்வடத்துக்கு அதன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கும், அழுத்தத்தால் நீளமும் பருமனும் மாறும் குழாய்க்கு ஐந்தில் ஒரு பங்கும் இடம் விட்டு, முனைகளில் மட்டுமே இறுக்கிப் பிடிப்பது விதி. மலைக்கம்பியைக் கட்டியவர் கையளவில் அறிந்திருந்த தளர்வு, இங்கே விழுக்காடாக எழுதப்பட்டுள்ளது.

தோட்டச் சாலைகள் விரிந்து லொறிகளும் டிராக்டர்களும் மடுவம் எனப்படும் கொழுந்து நிறுக்கும் கொட்டில் வரை வந்த பிறகு, கம்பிவழிகளின் தேவை குறைந்தது. ஆனால் பீலியும் கம்பியும் லொறியும் மாறி மாறிச் சுமந்தது ஆலைக்குப் போகும் பின்வழியை மட்டுமே. செடியிலிருந்து மடுவம் வரையிலான முன்வழியில், கொழுந்துக் கூடை கோப்பி அழிந்த காலம் முதல் கயிற்றால் பெண்களின் தலையில் மாட்டப்பட்டு முதுகில் தொங்கியது. நிரை நிரையாக ஏறி இறங்கும் அந்தத் தூரத்துக்குத் தூண் நடவோ, தொய்வு கணக்கிடவோ, எடையை வேறெதன்மேலாவது மாற்றவோ மலையகத்தின் பொறியியல் முனையவில்லை.