கார்திரள் மேகம்

இடி, மின்னல், ஆலங்கட்டி மூன்றுக்கும் பிறப்பிடமான மேகம் கார்திரள் மேகம். உலகெங்கும் வானிலையாளர்கள் இதை கியூமுலோநிம்பஸ் என்ற லத்தீன் பெயரால் குறிக்கிறார்கள். விமானிகளுக்கு இது வெறும் ‘சீபி’. பெரும்பாலான மேகங்கள் கீழ், இடை, மேல் என ஏதேனும் ஓர் அடுக்கில் தங்கிவிடும். இதுவோ தரைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் மேலே அடியைப் பரப்பி, மூன்று அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு நிற்கும். வெப்பமண்டலத்தில் இதன் உச்சி 16 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

இவ்வளவு கண்ணில்படும் மேகத்துக்குத் தனிப்பெயர் உடனே கிடைத்துவிடவில்லை. அறிவியலார் மேகங்களுக்குப் பெயர் சூட்டத் தொடங்கி ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழிந்த பிறகே கிடைத்தது.

ஹோவர்டின் நான்கு சொற்கள்

1802 டிசம்பரில், லண்டனில் ஆஸ்கேசியன் சங்கம் என்ற சிறு அறிவியல் குழுவின் முன் லூக் ஹோவர்டு (1772–1864) ஒரு கட்டுரை வாசித்தார். மருந்து தயாரிப்பது அவர் தொழில். வானம் பார்ப்பது அவர் நாட்டம். மேகங்கள் கணந்தோறும் மாறினாலும் அவற்றின் அடிப்படை வடிவங்கள் சிலவே என்பது அவர் கண்டது. சுருள்முடியாக இழையோடுவது சிரஸ், குவிந்து எழுவது கியூமுலஸ், படலமாகப் பரவுவது ஸ்ட்ராட்டஸ். அதே ஆண்டில் பிரான்சில் இயற்கையியலாளர் லாமார்க்கும் மேகங்களை வகைப்படுத்தினார். அவருடைய பிரெஞ்சுப் பெயர்கள் பரவவில்லை. ஹோவர்டின் லத்தீன் எல்லை கடந்து போனது. ஜெர்மானியக் கவிஞர் கதே அவரைப் போற்றிக் கவிதையே எழுதினார்.

ஹோவர்டின் நான்காவது சொல் நிம்பஸ். முதல் மூன்றும் உருவத்தைச் சொல்ல, இது மட்டும் செயலைச் சொன்னது: மழை பொழியும் மேகம். மேலே சிரஸ் விரிந்திருக்க, அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் கியூமுலஸ் வந்து கலக்கும் தொகுதி என்று அவர் விளக்கினார். இடிமழை மேகத்துக்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்தும். ஆனால் வானம் முழுவதையும் சாம்பலாக மூடி, ஓர் இடிகூட இடிக்காமல் மணிக்கணக்கில் பெய்யும் மேகத்தையும் நிம்பஸ் என்றே எழுதிவைத்தார்கள். இயல்பில் வேறான இரண்டு மேகங்கள் ஒரே பெயரில் குடியிருந்தன.

பெயர் பிரிந்தது

அவற்றைப் பிரித்தவரும் தொழில்முறை வானிலையாளர் அல்லர். கோபன்ஹேகன் கலைக்கழகத்தின் செயலரும் நூலகருமான பிலிப் வெய்ல்பாக், 1880இல் மேக வகைப்பாட்டைத் திருத்த ஒரு திட்டம் முன்வைத்தார். அதன் பெரும்பகுதியை வல்லுநர்கள் ஏற்கவில்லை. கியூமுலோநிம்பஸ் என்ற புதிய வகையை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். நிமிர்ந்த திரளும் இழையோடிய உச்சியும் இடிக்கும் ஆற்றலும் அதன் அடையாளங்களாயின.

அடுத்து வந்தவர் ரால்ஃப் ஆபர்குரோம்பி. உலகைச் சுற்றிவந்து, மேக வகைகள் எந்த நாட்டிலும் ஒன்றே என்று உறுதிசெய்துகொண்டவர் அவர். சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஹில்டெபிராண்ட்சனுடன் சேர்ந்து 1887இல் பத்து வகைகளை வரையறுத்தார். அந்த அடிப்படையில் 1896இல் முதல் பன்னாட்டு மேகப் படநூல் வெளிவந்தது. அதில் கியூமுலோநிம்பஸின் வரிசை எண் 9. வானிலைக் குறியீட்டில் இன்றும் அதே எண்தான்.

நிம்பஸ் தனி வகையாக நெடுநாள் நீடிக்கவில்லை. 1930களில் அதன் இடத்துக்கு நிம்போஸ்ட்ராட்டஸ் வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிப் புவியியல் இந்தப் பிரிவை அப்படியே கொண்டுவந்திருக்கிறது: விடாமல் பெய்யும் படலம் கார்படை மேகம், இடித்துப் பெய்யும் கோபுரம் கார்திரள் மேகம்.

உள்ளே நடப்பது

சூடான ஈரக்காற்று மேலே ஏறிக் குளிரும்போது நீராவி துளிகளாகிறது. அப்போது வெளிப்படும் மறைவெப்பம் காற்றை மேலும் உயர்த்துகிறது. உச்சியில் துளிகள் உறையத் தொடங்கியதும் காலிஃபிளவர் போன்ற விளிம்பு மழுங்கும். இந்த நிலைக்குக் கால்வஸ் (வழுக்கை) என்று பெயர். இழைகள் தெளிவாகத் தெரிந்தால் கேபில்லேட்டஸ் (முடியுடையது). காற்று மண்டலத்தின் முதல் அடுக்கின் எல்லையைத் தொட்டபின் மேகம் பக்கவாட்டில் தட்டையாக விரியும்; அந்தப் பட்டடைக்கல் வடிவம் இன்கஸ். உள்ளே பனிப்படிகங்களும் மென்பனி உருண்டைகளும் மோதி மின்னூட்டத்தைப் பிரிக்கின்றன. அதன் விளைவே மின்னல்.

1959 ஜூலையில் அமெரிக்கப் போர் விமானி வில்லியம் ராங்கின், எஞ்சின் பழுதானதால் சுமார் 47,000 அடி உயரத்தில் விமானத்திலிருந்து வெளியேறி, இத்தகைய மேகத்துக்குள் விழுந்தார். பத்து நிமிடத்தில் தரையிறங்கியிருக்க வேண்டியவரை மேலெழும் காற்று மீண்டும் மீண்டும் தூக்கியெறிய, அவர் மண்ணைத் தொடச் சுமார் 40 நிமிடம் ஆனது. உயிர்பிழைத்து, அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

இன்றைய வழக்கு

விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் (METAR) என்ற வானிலை அறிக்கையில் மேகங்களின் அளவும் உயரமும் இருக்கும். வகை குறிப்பிடப்படுவது இரண்டுக்கு மட்டுமே. ஒன்று சீபி, மற்றது சீபியாக வளரக்கூடிய உயர்ந்த கியூமுலஸ். தென்மேற்குப் பருவக்காலத்தில் சென்னைக்குக் கிடைக்கும் மாலை மழையும் பெரும்பாலும் சீபியின் கொடை. பகல் வெயிலில் மேற்கே உள்மாவட்டங்களில் எழும் மேகங்களை மேல்காற்று கிழக்கே தள்ளிவர, கடற்காற்று அவற்றுக்குக் கூடுதல் உந்துதல் தருகிறது.

2017இல் உலக வானிலை அமைப்பு புதுப்பித்த மேகப் படநூல், மேகம் உருவான காரணத்தையும் பெயரோடு சேர்க்க வழிசெய்தது. காட்டுத்தீயின் வெப்பத்தில் எழுந்தால் அது கியூமுலோநிம்பஸ் ஃபிளாமாஜெனிடஸ். 2003இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவைச் சூழ்ந்த தீயில் எழுந்த மேகங்கள் இவ்வகையே. இவை பெரும்பாலும் போதிய மழை தராமல் மின்னலை மட்டும் இறக்கி, புதிய இடங்களிலும் தீ மூட்டக்கூடியவை.