உதவித்தொகை மட்டும் போதுமா?

தேவிபட்டினத்தில் எங்கள் தெருவில் அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர் ஒருவர் வசிக்கிறார். வயது 24. தந்தை கடலுக்குச் செல்பவர். கரையில் மீன் தரம் பிரிக்கும் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த தாய், மகனின் பள்ளிக் காலம் முடிந்ததும் அவ்வேலையை விட்டுவிட்டார். "பணம் வருது சார். ஆனா, நாலு மணி நேரம் இவனைப் பாத்துக்க ஒரு எடம் இல்லையே" என்று அவர் ஒருநாள் என்னிடம் கூறினார். முப்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு, பொதுநிதி குறித்த பாடமாகவே அச்சொற்கள் ஒலித்தன.

அவர் குறிப்பிட்டது, தமிழக அரசு மாதந்தோறும் வழங்கும் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை. தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 2012 முதல் ரூ.300-இலேயே நிற்பதை நோக்கும்போது, மாநில அரசின் முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால், 2024-25-ஆம் நிதியாண்டில் தமிழகத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் ஊதியம் ரூ.319. அதாவது, ஒரு மாத உதவித்தொகை ஏறத்தாழ ஆறு நாள் கூலிக்குச் சமம். தாய் இழப்பதோ மாதம் முழுவதற்குமான வருமானத்தை. இந்த இழப்பு எந்த நிதிநிலை அறிக்கையிலும் செலவாகப் பதிவாவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் (2016), 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. ஆனால், மறுவாழ்வுச் சேவைகள் குறித்த அதன் 27-ஆவது பிரிவில், அரசின் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்னும் நிபந்தனை இடம்பெற்றுள்ளது. எனவே, 18 வயதைக் கடந்தவருக்குப் பகல்நேரப் பராமரிப்பும் தொழிற்பயிற்சியும் கேட்டுப் பெறும் உரிமையாக இல்லாமல், கிடைத்தால் பெறும் சலுகையாகிவிடுகின்றன.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கென 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 'நிராமயா' மருத்துவக் காப்பீடு, 'விகாஸ்' பகல்நேரப் பராமரிப்பு போன்றவை அதன் நல்ல திட்டங்கள். எனினும், பராமரிப்பு மையங்களைப் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களே நடத்த வேண்டும். அத்தகைய நிறுவனம் இல்லாத ஊருக்கு அந்த நிதி வந்துசேர வழியில்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1969-இல் இயற்றிய லாண்டர்மன் சட்டம், வளர்ச்சிசார் குறைபாடுள்ளோருக்கான சேவையை உரிமையாக்கியது. அங்கு 21 வட்டார மையங்கள் அரசு நிதியில் இயங்குகின்றன. அவற்றை நடத்துவோரும் லாப நோக்கற்ற அமைப்பினரே. ஆனால், எந்தப் பகுதியும் விடுபடாதவாறு மாநிலம் முழுவதும் அவற்றிடையே பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. நமக்கும் அவர்களுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

வீட்டருகே சேவை இல்லாதபோது என்ன நேரும் என்பதை எங்கள் மாவட்டம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். அவர்கள் மனநோயால் பாதிக்கப்பட்டவர்கள். மனநோயும் அறிவுசார் குறைபாடும் வெவ்வேறு. எனினும், உற்றாரைத் தொலைவில் விட்டுவர வேண்டிய குடும்பங்களின் கையறுநிலை இரண்டுக்கும் பொதுவானது.

மாற்று வழிகள் தமிழகத்திலேயே உள்ளன. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் மூலம் குழந்தைகளின் வீடுகளுக்கே சிகிச்சையைக் கொண்டுசெல்கிறது. உலக வங்கி 2022-இல் ஒப்புதல் அளித்த 16.2 கோடி டாலர் கடனுதவியுடன், 'தமிழ்நாடு உரிமைகள் திட்டம்' ஒருங்கிணைந்த சேவை மையங்களை அமைத்து வருகிறது. ஆனால், கடன் திட்டத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. பராமரிப்புத் தேவைக்கு அது இல்லை.

எனவே, ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் வயதுவந்தோருக்கான பகல்நேர மையம் ஒன்றை அமைத்து, பணியாளர் ஊதியம், வாகனச் செலவு ஆகியவற்றுக்கு மாநில நிதிநிலை அறிக்கையில் நிரந்தர ஒதுக்கீடு செய்ய வேண்டும். உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்துப் பணியமர்த்தினால், அச்செலவின் பெரும்பகுதி அதே ஊரில் கூலியாகச் சுழலும். மகனை அங்கு விட்டுவரும் தாயும் மீண்டும் வேலைக்குச் செல்வார்.

'எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?' என்பதே இத்தகைய பெற்றோர் அனைவரின் அச்சம். அதற்கு விடையளிக்கும் கடமை அரசுக்கு உண்டு. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே அந்த விடை கிடைக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).