புல்வெட்டும் வண்டியின் 'டெக்' துருப்பிடிக்குதா? இதைச் செய்யுங்க!

அமெரிக்காவில் பெரிய புல்வெளியோடு வீடு வாங்கிய பலரிடம், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி இருக்கும். அதன் பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புத் தகடுதான் 'டெக்'. அதன் அடியில் அப்பிக்கொள்ளும் ஈரப்புல்தான் துருவுக்கு முக்கியக் காரணம்.

புல் வெட்டி முடித்ததும் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிடுங்க. ஒட்டியதைச் சுரண்டி, நல்லா காயவிடுங்க. வண்டியைத் தூக்கினால், ஜாக்கை மட்டும் நம்பாம ஸ்டாண்டும் வைங்க.

மேலோட்டமான துருவா? கம்பி பிரஷ், உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடிங்க. காய்ந்ததும் இரண்டு கோட் எனாமல் பெயின்ட். சின்ன ஓட்டை என்றால், தகடு வைத்து வெல்டிங் செய்யலாம்.

பிளேடு சுழலும் அச்சைப் பொருத்திய இடமே அரித்துவிட்டதா? ஒட்டுப்போட்டு ஓட்டாதீங்க, டெக்கையே மாத்திடுங்க. பிளேடு கழன்று பறந்தால், பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் ஆபத்து!