அயோவா காக்கஸ்: பழமைவாதத் தொண்டர்களின் அரை நூற்றாண்டு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அதிபர் வேட்பாளர் தேர்வு தொடங்கும் பருவத்தில் குடியரசுக் கட்சி நடத்தும் வட்டாரக் கூட்டங்களே காக்கஸ் எனப்படுகின்றன. இது அரசு நடத்தும் வாக்குப்பதிவு அன்று, கட்சியின் சொந்தக் கூட்டம். கடுங்குளிர் இரவில் 7 மணிக்கு, பள்ளிக்கூடத்திலோ தேவாலயக் கூடத்திலோ அந்தந்த வட்டாரத்துக் கட்சிக்காரர்கள் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து சில நிமிடம் பேசுவார். பிறகு துண்டுச்சீட்டில் பெயரை எழுதிப் போடுவார்கள். எல்லோர் முன்னிலையிலும் எண்ணுவார்கள். பெரும்பாலானோர் அத்தோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவர். மிச்சமிருக்கும் சிலர்தான் கவுன்டி மாநாட்டுக்குப் போகும் பேராளர்களையும் வட்டாரப் பொறுப்பாளர்களையும் தேர்ந்தெடுத்து, கட்சிக் கொள்கைக்கான தீர்மானங்களையும் எழுதுவார்கள். அயோவாவின் பழமைவாத அரசியல் அந்தச் சிலரின் கையில்தான் வளர்ந்தது.

1972இல் ஜனநாயகக் கட்சி தன் காக்கஸை ஜனவரிக்கு நகர்த்தியது. 1976இல் குடியரசுக் கட்சியும் அதே நாளில் நடத்தத் தொடங்கியது. பதவியில் இருந்த அதிபர் ஜெரால்டு ஃபோர்டை வலதுசாரிகளின் நாயகன் ரொனால்டு ரேகன் எதிர்த்த ஆண்டு அது. மாதிரிக்கு எடுத்த வட்டாரங்களில் ஃபோர்டுக்கு 264, ரேகனுக்கு 248 சீட்டுகள் விழுந்தன. நான்கு ஆண்டு கழித்து, டி மாயின் நகரில் நடந்த விவாதத்துக்கே வராமல் இருந்த ரேகன், ஊர் ஊராக அலைந்த ஜார்ஜ் புஷ்ஷிடம் இரண்டு சதவீதத்தில் தோற்றார். ஒருகாலத்தில் இதே மாநிலத்து வானொலியில் விளையாட்டு வர்ணனை செய்தவர் ரேகன். தெரிந்த முகம் என்பதற்காக அயோவாக்காரர்கள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

திருப்புமுனை 1988. தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன், அதுவரை கட்சிக் கூட்டத்தின் பக்கமே வராத இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களைத் திரட்டி வந்தார். பாப் டோல் 37 சதவீதம் பெற்று முதலிடம் பிடித்தார். ராபர்ட்சன் 25 சதவீதத்தோடு இரண்டாமிடம். துணை அதிபராக இருந்த புஷ் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். வேட்பாளராக ராபர்ட்சன் விரைவிலேயே ஒதுங்கிவிட்டார். அவர் அழைத்து வந்தவர்கள் ஒதுங்கவில்லை. கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களோடு சேர்ந்து கவுன்டி கமிட்டிகளில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்த வலைப்பின்னலின் பலத்தை 2008இல் நாடே பார்த்தது. மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் மிட் ராம்னி பணத்தைக் கொட்டி, முந்தைய ஆகஸ்டில் ஏம்ஸ் நகரில் நடந்த மாதிரி வாக்கெடுப்பில் முதலிடமும் வாங்கியிருந்தார். முன்னாள் பாப்டிஸ்ட் போதகரான மைக் ஹக்கபியிடம் பணம் இல்லை. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களும் உள்ளூர்ப் போதகர்களும் அவருக்காக அலைந்தார்கள். அந்தக் குடும்பங்கள் பாடப் புத்தகத்துக்காகவும் சட்டப் பாதுகாப்புக்காகவும் முன்பே சங்கம் கட்டிப் பழகியவை. அழைத்தால் வர ஆள் இருந்தது. ஹக்கபி 34 சதவீதம், ராம்னி 25. அன்று வந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் என்றது வாசலில் எடுத்த கணிப்பு.

இந்தப் படைக்கு அதிபர் தேர்தல் மட்டுமே களம் அன்று. ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்து 2009இல் அயோவா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆளுநர் வேட்பாளராகும் முயற்சியில் தோற்றிருந்த பாப் வாண்டர் பிளாட்ஸ், 2010 நவம்பரில் அந்த நீதிபதிகளுக்கு எதிராகப் பிரசாரம் நடத்தினார். பதவி நீட்டிப்புக்கான வாக்கெடுப்பில் தலைமை நீதிபதி உட்பட மூவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அந்த முறை 1962இல் வந்தது முதல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்கூட அப்படித் தோற்றதில்லை. அதன்பின் அயோவாவுக்கு வரும் எந்தக் குடியரசுக் கட்சி வேட்பாளரும் வாண்டர் பிளாட்ஸைப் பார்க்காமல் போக முடியாத நிலை உருவானது.

2012 விசித்திரமான ஆண்டு. முன்னாள் செனட்டர் ரிக் சான்டோரம் ஒரு ஆதரவாளரின் பிக்கப் வண்டியில் 99 கவுன்டிகளையும் சுற்றினார். பீட்சா ரான்ச் என்ற உள்ளூர் உணவகச் சங்கிலியின் கிளைகளில் சில சமயம் விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டமே இருக்கும். அவர்களிடமும் மணிக்கணக்கில் பேசினார். முந்தைய டிசம்பரின் பிற்பகுதியில் வாண்டர் பிளாட்ஸின் ஆதரவும் கிடைத்தது. ஜனவரி 3 இரவு, ராம்னி 8 வாக்கில் வென்றதாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் தாள்களைச் சரிபார்த்தபோது, சான்டோரம் 34 வாக்கு முன்னிலையில் இருந்தார். 1,774 வட்டாரங்களில் எட்டின் கணக்கு கிடைக்கவே இல்லை. தொண்டர்கள் பேனாவால் நிரப்பும் தாளில் நடக்கும் தேர்தலில் இது பெரிய அதிசயமில்லை. ஆனால் முதல் வெற்றி தரும் வேகம் அதற்குள் சான்டோரத்தின் கையை விட்டுப் போயிருந்தது.

உண்மையான கூத்து அதன் பிறகு. மூன்றாமிடம் பெற்ற ரான் பாலின் ஆதரவாளர்கள், அரசின் தலையீட்டையே வெறுத்த இளைஞர்கள், சீட்டுப் போட்டதும் கிளம்பவில்லை. பேராளர் தேர்வு முடியும் வரை இருந்தார்கள். கவுன்டி மாநாடு, மாநில மாநாடு என்று படிப்படியாக ஏறினார்கள். அப்போது துண்டுச்சீட்டு முடிவு பேராளர்களைக் கட்டுப்படுத்தவில்லை. தாம்பாவில் நடந்த தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 வாக்குகளில் 22 பாலுக்கு விழுந்தன, ராம்னிக்கு 6. காக்கஸில் வென்ற சான்டோரத்துக்கு ஒன்றுகூட இல்லை. மாநிலக் கட்சித் தலைமையும் பால் ஆதரவாளர் ஒருவரிடம் போனது. கட்சியின் தேசியத் தலைமை விதியை மாற்றி, காக்கஸ் முடிவுக்குப் பேராளர்கள் கட்டுப்பட வேண்டும் என்றாக்கியது. 1979 முதல் நடந்துவந்த ஏம்ஸ் வாக்கெடுப்பையும் 2015இல் கைவிட்டார்கள்.

2016இல் போதகர்களும் வட்டாரப் பொறுப்பாளர்களும் டெட் க்ரூஸைத் தூக்கி நிறுத்தினர். அவருக்கு 28 சதவீதம், டொனால்டு டிரம்புக்கு 24. ரேகனைப் போலவே டிரம்பும் கடைசி விவாதத்துக்கு வராமல் இருந்தார். ஹக்கபி, சான்டோரம், க்ரூஸ் மூவருமே அயோவாவில் வென்றும் வேட்பாளர் ஆகவில்லை. வேட்பாளரை உருவாக்குவதைவிட, யார் முன் எல்லோரும் கைகட்டி நிற்க வேண்டும் என்று காட்டுவதுதான் இந்தத் தொண்டர்களின் உண்மையான அதிகாரமாக இருந்தது.

2024இல் அந்தக் கணக்கும் தப்பியது. ஆளுநர் கிம் ரெய்னால்ட்ஸும் வாண்டர் பிளாட்ஸும் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸை ஆதரித்தனர். அவரும் 99 கவுன்டிகளுக்கும் போய்வந்தார். டிரம்ப் அணியோ வட்டாரத் தலைவர்களுக்கு வெள்ளைத் தொப்பி கொடுத்து, ஆளுக்குப் பத்துப் புதியவர்களை அழைத்துவரச் சொன்னது. உறைபனி வாட்டிய ஜனவரி 15 அன்று சுமார் 1,10,000 பேர் வந்தனர். டிரம்ப் 51 சதவீதம், டிசாண்டிஸ் 21. இவாஞ்சலிக்கல் வாக்காளர்களிலும் பாதிக்கு மேல் டிரம்ப் பக்கம் நின்றார்கள். ஒரே ஒரு கவுன்டி மட்டும் அவர் கையில் சிக்கவில்லை: பல்கலைக்கழகம் இருக்கும் ஜான்சன் கவுன்டியில் நிக்கி ஹேலி ஒரே ஒரு வாக்கில் வென்றார். வேட்பாளர் தேர்வு வரிசையில் முதல் இடத்தை இழந்த அயோவா ஜனநாயகக் கட்சி அந்த ஆண்டு அஞ்சல் வாக்குக்கு மாறிவிட, குடியரசுக் கட்சிக்கு மட்டும் அயோவா துண்டுச்சீட்டோடு முதல் மாநிலமாகத் தொடர்ந்தது.